பதினெட்டாம் எண் சட்டை

எங்கள் ரக்பி லீக் சங்கத்துக்குத் தனி அலுவலகம் கிடையாது. விமான நிலையத்துச் சிற்றுண்டிக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு அலமாரி இருக்கிறது. மேல்தட்டில் சங்கம், கீழ்த்தட்டில் சர்க்கரையும் பால் பவுடரும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாமே மோகாக்காதான். கடையும் அவளுடையது. பசிபிக் கடல் நடுவில் இருக்கிற இந்த நியுவேத் தீவில் அப்படித்தான். இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் ஒரு நாட்டுக்கு வேண்டிய வேலை அத்தனையும் பார்த்தாக வேண்டும். மிச்சப் பேரெல்லாம் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கிறார்கள்.

தேசிய அணியும் ஆக்லாந்தில்தான் இருக்கிறது. அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அப்பாவோ தாத்தாவோ இந்தப் பாறைத் தீவில் பிறந்தார் என்பதற்காக எங்கள் சட்டையைப் போட்டுக்கொள்கிற பையன்கள். நான் குறை சொல்லவில்லை. அவர்களும் இல்லையென்றால் பதின்மூன்று பேருக்கு எங்கே போவது? ஆனால் மோகாக்கா சங்கத்தில் ஒரு விதி போட்டு வைத்திருந்தாள். ஊரில் குடியிருக்கிறவன் ஒருத்தனாவது அணியில் இருக்க வேண்டும். அந்த ஒருத்தன் நான். பெயர் விலிதாமா. விலி என்றாலே போதும்.

லிகு கிராமத்தில் என் வீடு. இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். பூட்டிய என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பாதி வீட்டுக்குக் கூரையே இல்லை, புயல் கொண்டுபோய்விட்டது. ஆக்லாந்திலிருந்து போன் வரும். "விலி, எங்க வாசல்ல கொஞ்சம் புல்லு வெட்டி விடேன், அப்பா கல்லறையே தெரியலையாம்." வெட்டி விடுவேன். காலையில் என்னோடு பேசுவது புல்வெட்டும் இயந்திரம், சாயங்காலம் கோழிகள். இதை ஒருநாள் தமாஷாக லுபேயிடம் போனில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

லுபே என் மனைவி. மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வந்ததும் கூட்டிக்கொண்டு அவளும் ஆக்லாந்து போய்விட்டாள். சண்டையெல்லாம் இல்லை. "நீயும் வா" என்றாள். "ஒரே ஒரு ஆட்டம், லுபே. நம்ம ஊர் மைதானத்துல, நம்ம ஜனங்க முன்னாடி ஆடிட்டு வந்துடறேன்" என்றேன். அணிக்காக ஆக்லாந்தில் ஆடியிருக்கிறேன், சிட்னியில் ஒரு முறை ஆடியிருக்கிறேன். இங்கே ஆடியதில்லை. இங்கே ஆட்டமே நடந்ததில்லை.

"நடக்காத ஆட்டத்துக்கு ஒருத்தன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு உக்காந்திருக்கான். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் போனை வைத்துவிடுவேன். வைத்த பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தம் இருக்காது பாருங்கள், அப்போதுதான் திரும்பக் கூப்பிடலாமா என்று தோன்றும். கூப்பிட மாட்டேன். திமிர்.

இந்த வருஷம் ஆட்டம் வந்தேவிட்டது. மோகாக்கா எங்கெங்கோ கையேந்தி, யார் யார் காலையோ பிடித்து, பக்கத்துத் தீவான ரரோட்டோங்காவின் அணியை இங்கே வர வைத்தாள். ரரோட்டோங்கா அணி என்று பெயர்தான். அவர்களும் ஆக்லாந்தில் இருக்கிறவர்கள். எங்கள் பையன்களும் அவர்களும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. ஒரே விமானத்தில் சேர்ந்து வந்து, சேர்ந்து இறங்கி, எங்கள் பாறையில் அடித்துக்கொண்டு, திங்கட்கிழமை ஒரே விமானத்தில் சேர்ந்து திரும்புவதாக ஏற்பாடு.

அதே திங்கட்கிழமை விமானத்தில் எனக்கும் ஒரு இருக்கை. லுபே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஆட்டம் முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான் என்று பேச்சு. யாருக்கும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் கடை வைத்திருக்கிற பொம்பளையிடம் மறைக்க முடியுமா? மோகாக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் எனக்கு மட்டும் காபியில் சர்க்கரையைக் குறைத்துவிட்டாள். அவள் கோபம் அப்படித்தான்.

பையன்கள் வந்து இறங்கியதும் என் முதல் வேலை தகலோ. ஆட்டத்துக்கு முன்னால் எதிரணியின் முகத்துக்கு நேரே நின்று போடுகிற போர்க்கூச்சல் அது. ஒருத்தன் முன்னால் நின்று கேட்பான், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். இவர்களுக்கு நம் மொழி வராது. ஒரு தடவை முழுசாகச் சொல்லிக்கொடுக்கப் போய், ஆளுக்கொரு பக்கம் உளறி, எதிரணியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து சுருக்கிவிட்டேன். கேள்வி எல்லாம் நான் கேட்பேன். பதில் எல்லாக் கேள்விக்கும் ஒன்றுதான்: "நாங்க!" அந்த ஒரு சொல்லும், தொடையில் அடிக்கிற அடியும் வந்தால் போதும்.

இந்தப் பாறையில எவன் நிக்கிறான்? நாங்க! எதிரி வந்தா எவன் மோதுவான்? நாங்க! செத்தாலும் எவன் நகர மாட்டான்? நாங்க!

கேட்கிறவன் மட்டும் பதில் சொல்லக் கூடாது. அது பழைய கட்டுப்பாடு.

பையன்களில் ஜேடன் என்று ஒருத்தன். என் பக்கத்து வீட்டுக்காரரின் பேரன். கூரை போன வீடுகளில் ஒன்று அவர்களுடையது. வந்த மறுநாளே தேடிக்கொண்டு வந்துவிட்டான்.

"அங்கிள், இதுதானா எங்க வீடு?"

முப்பத்துநாலு வயசில் அங்கிள். பல்லைக் கடித்துக்கொண்டேன். "இதேதான். உள்ளே போகாதே, தரை உளுத்துப்போயிருக்கு."

வாசலில் இருந்த கல்லறைகளைப் பார்த்தான். "ரொம்பச் சுத்தமா இருக்கே. யார் பார்த்துக்கிறாங்க?"

"கோழி" என்றேன்.

அவன் நிஜமாகவே கோழியைப் பார்த்தான். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தான். நல்ல பையன், அதுதான் தொல்லை. மட்டமான பையனாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஏனென்றால் அவன் ஆடுகிற இடமும் ஒன்பதாம் எண். நான் ஆடுகிற இடம். பந்து வைத்திருக்கிறவனை மடக்கி வீழ்த்தியபின், அவன் எழுந்து காலால் பின்னே உருட்டுகிற பந்தை ஒவ்வொரு தடவையும் முதலில் கையில் எடுக்கிறவன் அந்த ஒன்பதாம் எண்தான். எடுத்து எந்தப் பக்கம் கொடுக்கிறானோ அந்தப் பக்கம்தான் அணி ஓடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவாலயக் கூடத்தில் சட்டை கொடுக்கிற சடங்கு. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் அவன் வீட்டு ஆள் ஒருத்தர் எழுந்து வந்து சட்டையைக் கொடுக்க வேண்டும். அத்தை, சித்தப்பா, யாரோ ஒருவர். கோச் முன்னால் நின்று எண்களைக் கூப்பிட்டார். அவரும் ஆக்லாந்துக்காரர். எட்டாம் எண் முடிந்தது. என் கால் தானாக முன்னால் நகர்ந்தது.

"ஒன்பது. ஜேடன். ஜேடன் வீட்டு ஆளுங்க இப்ப யாரும் ஊர்ல இல்லைன்னு சொன்னாங்க. அதனால அவன் பக்கத்து வீட்டுக்காரர் விலி வந்து கொடுப்பார்."

கூடம் முழுக்கக் கை தட்டியது. நடந்து போனேன். கோச் என் கையில் சட்டையை வைத்தார். புதுத் துணி வாசனை. மஞ்சள் சட்டை, முதுகில் ஒன்பது. அதை நான் அந்தப் பையனிடம் நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் வாங்கி, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. பார்த்தவர்கள் ஒரே காரணம் என்று நினைத்திருப்பார்கள்.

பதினேழு வரைக்கும் கூப்பிட்டு முடித்தபின் பதினெட்டு. களத்தில் பதின்மூன்று பேர், வெளியே மாற்றுக்கு நாலு பேர். பதினெட்டாவது ஆள் என்பவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். வரிசையாக மூன்று பேருக்குத் தலையில் அடிபட்டு ஆட முடியாமல் போனால்தான் அவன் இறங்கலாம். எனக்கு அந்தச் சட்டையை மோகாக்கா கொடுத்தாள். என் வீட்டு ஆள் என்றும் யாரும் இல்லையே.

"அக்கா, இது என்ன?"

"டேய், என்னைப் பார்க்காதே. அணியில ஒருத்தன் இருக்கணும்னுதான் விதி போட்டேன். களத்துல இருக்கணும்னு எழுத மறந்துட்டேன்" என்றாள். "கோச்சுகிட்ட சண்டை போட்டுட்டேன். அவர் ஜெயிக்கணும்கிறார். அவன் வேகமா ஓடறான், விலி. நீயே பார்த்தியே."

பார்த்தேன்தான். என்னைவிட வேகம். அதுதான் வயிற்றில் இன்னும் அதிகமாக எரிந்தது. கோச் வந்து என் தோளில் கை போட்டார். "தகலோவுக்கு நீங்கதான் முன்னால நிக்கணும். உங்களை விட்டா ஆளே கிடையாது" என்றார். அப்படியே ஒரு குத்து விட்டிருப்பேன். தேவாலயக் கூடமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை மைதானத்தைச் சுற்றி ஊரே இருந்தது. படுக்கையில் கிடந்தவர்களைக்கூட நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். மண் அடுப்பிலிருந்து சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலும் மணத்தது. ஆட்டக்காரர்கள் மூன்று வரிசையாக நின்றார்கள். நான் அவர்களுக்கு முன்னால். பதினெட்டாம் எண்.

ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன். இந்தப் பயல்களுக்குத் தெரிந்தது ஒரு சொல். கேள்வி என் வாயில் இருக்கிறது. நான் என்ன கேட்டாலும் இவர்கள் நாங்க என்றுதான் கத்தியாக வேண்டும். ஊர் முன்னால் மானத்தை வாங்காமல் விடுவதில்லை.

முழங்காலை மடக்கி, கையை விரித்து, அடிவயிற்றிலிருந்து கூவினேன்.

"குளிக்கச் சுடுதண்ணி இல்லைன்னு அழுதவன் எவன்?"

"நாங்க!"

ஒரு விநாடி ஊர் விழித்தது. பிறகு சிரித்தது பாருங்கள், நாற்காலியோடு வந்த கிழவர்கள் நாற்காலியோடு குலுங்கினார்கள். மோகாக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பையன்களுக்கு என்ன புரியும்? ஜனங்கள் குஷியாகிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் ஓங்கித் தொடையில் அடித்தார்கள்.

"நண்டைப் பார்த்துக் கட்டில் மேல ஏறினவன் எவன்?"

"நாங்க!"

பெண்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்தார்கள். கோச் கை தட்டினார். முதல் வரிசையில் ஜேடன், கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, தொடை சிவக்கச் சிவக்க அடித்துக்கொண்டிருந்தான். நான் கொடுத்த சட்டை. எனக்கு வெறி ஏறிவிட்டது. இருப்பதிலேயே பெரிய கேலியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். திங்கட்கிழமை மூட்டை கட்டப் போகிற பயல்கள் இதற்கும் நாங்க என்று கத்தினால் ஊர் வயிறு புண்ணாகிச் சிரிக்கும் என்று கணக்கு.

"எவன் இங்கேயே இருப்பான்?"

"நாங்க!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பதினேழு இளவட்டங்கள் ஒரே குரலில் அப்படிச் சொல்லி இந்த ஊர் எத்தனை காலமாயிற்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் கேட்டிருப்பேனா? நாற்காலியில் இருந்த ஒரு கிழவி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். மோகாக்கா என்னையே பார்த்தாள். திங்கட்கிழமை யார் யாருக்கு இருக்கை இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள். நல்லவேளை, கேட்கிறவன் பதில் சொல்லக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டைப் போட்ட புண்ணியவானை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

தகலோ முடிந்தால் எல்லோரும் அவரவர் இடத்துக்கு ஓடுவார்கள். ஓடினார்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, மைதானத்தைத் தாண்டி, பெஞ்சுக்கு நடந்தேன். இந்த மைதானத்தில் எவ்வளவு புல் வெட்டியிருக்கிறேன். இவ்வளவு அகலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜேடன் நன்றாக ஆடினான். முதல் பாதியிலேயே நம் ஆட்கள் இரண்டு பேர் தலையில் அடிபட்டு வெளியே வந்துவிட்டார்கள், திரும்பப் போக விடவில்லை. இரண்டாம் பாதியில் ஜேடனும் ஒருத்தன் முழங்காலில் தலையைக் கொடுத்து விழுந்தான். எழுந்திருக்கவில்லை. மூன்றாவது ஆள். டாக்டர் ஓடினார். நான் எழுந்து மேல்கோட்டைக் கழற்றிவிட்டேன். யாரும் என்னைக் கழற்றச் சொல்லவில்லை. அவன் எழுந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், வேண்டிக்கொண்டேன். அவன் தாத்தா கல்லறைக்குப் புல் வெட்டுகிற கையைக் கூப்பிக்கொண்டு வேண்டினேன். அவனை வெளியே நடத்திக்கொண்டு வந்து, விரலைக் காட்டி, பெயரைக் கேட்டு, கிழமையைக் கேட்டுச் சோதித்தார்கள். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டான். உள்ளே ஓடிவிட்டான். நான் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டேன். குளிரெல்லாம் இல்லை.

ஜெயித்துவிட்டோம். ஊர் மைதானத்துக்குள் பாய்ந்தது. என்னையும் யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள்.

விருந்தில் ஜேடன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நெற்றியில் கோழிமுட்டை மாதிரி வீக்கம்.

"அங்கிள், தகலோவில அந்தக் கடைசிக் கேள்வி புதுசுதானே? ஊரே அப்படியே அடங்கிடுச்சு. எனக்குப் புல்லரிச்சிடுச்சு. என்ன அர்த்தம்?"

"பழைய சண்டைப் பேச்சு. உனக்குச் சொன்னாலும் புரியாது."

"அர்த்தம் வேண்டாம், சொல்லிக்கொடுங்க போதும். ஆக்லாந்துல ஆடறப்ப நீங்க இல்லைன்னா யார் கூப்பிடுவா?"

அவன் வேண்டுமென்று கேட்கவில்லை, அவனுக்கு என் இருக்கை விஷயம் தெரியாது. சொல்லிக்கொடுத்தேன். இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டான். உச்சரிப்பு இங்கேயே பிறந்தவன் மாதிரி சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பெட்டி கட்டினேன். இன்னொரு ஆட்டம் வரும் வரைக்கும் இருக்கலாமே என்று ஒரு மனசு. வந்தாலும் எந்தச் சட்டை கொடுப்பார்கள் என்று இன்னொரு மனசு. லுபே போனில் வந்தாள்.

"ஆடினியா?"

"ம்."

"உன் பொண்ணு எல்லார்கிட்டேயும் சொல்லிட்டுத் திரியறா, எங்கப்பா நம்ம நாட்டு டீம்ல ஊர்லேயே ஆடறாருன்னு."

அதற்கும் "ம்" என்றேன். இந்தத் தடவை போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை விமான நிலையத்தில் மோகாக்கா எனக்குக் காபி கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. உறைய வைத்த சேப்பங்கிழங்கு ஒரு பெட்டி லுபேக்கு என்று கட்டிக் கொடுத்தாள்.

"விதியை என்னடா பண்றது?" என்றாள். "ஊர்ல குடியிருக்கிறவன் ஒருத்தன் அணியில இருக்கணுமே. இனிமே யாரு?"

"அடிச்சிடு அக்கா."

"அடிச்சிடறேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தாள். கல்லா சுத்தமாகத்தான் இருந்தது.

விமானத்தில் ஜேடன் என் பக்கத்தில். "அட அங்கிள், நீங்களும் வர்றீங்களா! லீவா?" என்றான். ஆமாம் என்றேன். இரண்டு அணியும் கலந்து உட்கார்ந்து ஒரே கும்மாளம். விமானம் உருண்டது. மேலே எழும்பியது. ஜன்னலில் கடை வாசல் தெரிந்தது, மோகாக்கா துடைக்கிற துணியையே ஆட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மைதானம். பிறகு லிகுப் பக்கம் கூரையில்லாத வீடுகள். என் வீட்டுக் கூரை மட்டும் வெயிலில் பளபளத்தது.

அப்போது ஜேடன் பெல்ட் போட்டபடியே நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து, எங்கள் மொழியில் சுத்தமாகக் கூவினான்.

"எவன் இங்கேயே இருப்பான்?"

"நாங்க!" என்று விமானம் முழுக்க அதிர்ந்தது. ரரோட்டோங்காக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். எல்லோரும் சிரித்துத் தொடையில் தட்டிக்கொண்டார்கள்.

நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜேடன் என் முழங்கையை இடித்தான்.

"என்ன அங்கிள், நீங்க மட்டும் சொல்லலையே?"

"கூப்பிடறவன் பதில் சொல்லக் கூடாதுடா" என்றேன்.

"இப்ப கூப்பிட்டது நான்தானே அங்கிள்" என்றான்.